அரிசியில் குறைவது, பயற்றில் நிறைவது

(தாம்பரம் சுற்றுவட்டாரத்துப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது மாநிலத்தில் 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. உலை வைக்க அரிசி இல்லாமல் அடுப்பு அணைந்து கிடந்த நாட்களை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கட்டட வேலைக்குச் செல்லும் பெண்களையும் அவர்களுடைய சிறு குழந்தைகளையும் சற்றுக் கவனித்துப் பாருங்கள். வேளை தவறாமல் சோறு உண்கிறார்கள், வயிறும் நிறைகிறது. எனினும் குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தாயின் உடம்பில் சதைப்பிடிப்பு இல்லை. ஒரு முறை காய்ச்சல் கண்டால் தேறுவதற்குப் பல வாரங்கள் ஆகின்றன. சோறு இருந்தும் இந்தக் குறை ஏன்? இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் அதிகமாகப் பேசப்படாத ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். லைசின் என்னும் ஒரு சத்தைப் பற்றியது அது.

பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதன்று. உணவில் உடலை வளர்க்கும் பகுதிக்குப் புரதம் என்று பெயர். பழைய நூல்கள் சிலவற்றில் இதை 'மாமிச சத்து' என்று எழுதினார்கள். புலால் உண்பவருக்கு மட்டுமே உரிய சத்து இது என்ற தவறான எண்ணத்தை அப்பெயர் விளைவித்தது. உண்மையில் அரிசியிலும் புரதம் உண்டு, பருப்பிலும் உண்டு, கீரையிலும் உண்டு. இப்புரதம் ஒரே பொருளால் ஆனதன்று. சுமார் இருபது வகை அமினோ அமிலங்கள் மணிபோலக் கோக்கப்பட்டு ஆனதே புரதம். அவற்றுள் ஒன்பதை நம் உடல் தானே செய்துகொள்ள இயலாது. உணவின் வழியாகவே அவை வந்து சேர வேண்டும். லைசின் அந்த ஒன்பதில் ஒன்று.

இவ்விடத்தில் ஏரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. கரையைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்தடி உயரமுள்ள கரை, ஓரிடத்தில் மட்டும் ஆறடியாகத் தாழ்ந்திருந்தால் அந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? ஆறடிதான். மற்ற இடங்களில் கரை எவ்வளவு உயர்ந்திருந்தும் பயன் இல்லை. புரதத்தின் கதியும் இதுவே. ஒன்பது அமிலங்களில் எட்டு போதிய அளவு இருந்து, ஒன்று மட்டும் குறைந்தால், அந்தக் குறைந்த ஒன்றின் மட்டத்திற்குத்தான் உடல் புதிய சதையைக் கட்டும். எஞ்சியவை அடுப்புக்கு விறகாவதுபோல எரிந்துபோகின்றன. அரிசியின் கரை தாழ்ந்திருக்கும் இடம் லைசின். கோதுமை, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகிய தானியங்கள் அனைத்திலும் அதே இடம்தான் தாழ்வு. இவற்றுள் அரிசி சற்று மேல் என்றே சொல்ல வேண்டும்.

பருப்பு வகைகளின் கரை வேறோர் இடத்தில் தாழ்ந்திருக்கிறது. மெத்தியோனின் என்னும் அமிலம் அவற்றில் குறைவு, லைசினோ மிகுதி. அரிசியில் மெத்தியோனின் போதிய அளவு உண்டு. ஆகவே ஒன்றின் தாழ்ந்த இடத்தை மற்றொன்று மேடாக்கி விடுகிறது. இட்லிக்கு அரிசியோடு உளுந்தையும், பொங்கலுக்கு அரிசியோடு பச்சைப்பயற்றையும் சேர்த்த நம் பாட்டிமார் எந்தச் சோதனைச் சாலைக்கும் சென்றவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் கண்ட சேர்க்கை சரியானது.

எலிகள் சொன்ன சாட்சி

லைசினைப் பாலின் புரதத்திலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய இரசாயன அறிஞர் டிரெக்செல், ஆண்டு 1889. அது உடலுக்கு இன்றியமையாதது என்பதைத் தெளிவாக்கியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஆஸ்பார்ன், மெண்டல் என்னும் இருவர். 1914-இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், கோதுமைப் புரதம் ஒன்றை மட்டும் உண்ட இளம் எலிகள் உயிர் பிழைத்திருந்தன, ஆனால் வளரவில்லை. அதே உணவில் லைசினைச் சேர்த்தவுடன் வளரத் தொடங்கின. நிறுத்தியவுடன் வளர்ச்சியும் நின்றது. உயிரோடிருத்தலும் வளர்தலும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்டவை நன்கு கொழுத்தன. அரிசியையே பெரும்பகுதியாகக் கொண்ட நம் சென்னை மாகாணத்து உணவை உண்டவை எடையில் கடைசியில் நின்றன. இதற்கு லைசின் ஒன்றே காரணம் என்று சொல்வது பொருந்தாது. வைட்டமின்களின் குறைவும் அதில் உண்டு. ஆனால் அரிசியே உணவாகவும், மற்றவை தொட்டுக்கொள்ளும் பொருளாகவும் இருக்கும் இலையைப் பற்றிய எச்சரிக்கை குன்னூர் மலையிலிருந்து வந்தது என்பதை நாம் மறப்பதற்கில்லை.

இனி, ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு லைசின் தேவை என்ற கேள்விக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக் கழகமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, வயது வந்தவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 12 மில்லிகிராம் போதும் என்றது. அதன்படி பார்த்தால் அரிசி உண்பவருக்கு எக்குறையும் இல்லை. கவலையற்று இருந்துவிடலாம். ஆனால் பிற்பாடு பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இந்திய ஆண்களை வைத்தே நுட்பமான முறையில் அளந்து பார்த்தபோது, தேவை சுமார் 30 மில்லிகிராம் என்று தெரிய வந்தது. அதாவது இரண்டரை மடங்கு. 2007-ஆம் ஆண்டின் சர்வதேச அறிக்கை இந்த 30 மில்லிகிராமையே ஏற்றுக்கொண்டது. நம் நாட்டு ஆராய்ச்சியினால் உலகக் கணக்கே மாறிய இச்செய்தி கிராமங்களை எட்டவில்லை என்பது நமது குறைபாடு.

கணக்கைப் போட்டே பார்த்து விடுவோம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் லைசின் வேண்டும். அவள் 400 கிராம் அரிசி சமைத்து உண்பதாக வைத்துக்கொள்வோம். அதில் கிடைப்பது ஏறக்குறைய 1,050 மில்லிகிராம். குறைவு 450. துவரம் பருப்பு 30 கிராம் சேர்த்தால் ஏறக்குறைய அவ்வளவும் வந்து விடுகிறது. தானியத்திலும் பயற்றிலும் உள்ள புரதம் முழுவதும் செரித்து உடலில் சேர்வதில்லையாதலால், 40 அல்லது 50 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கைப்பிடி பருப்பு என்று சொல்கிறோமே, அந்த அளவுதான். இதற்கு விலையுயர்ந்த டானிக்கோ, டப்பாவில் அடைத்த புரதப் பொடியோ தேவையில்லை. பசியைத் தூண்டும் என்று மருந்துக் கடைகளில் விற்கும் சில மருந்துகளின் சீட்டிலும் லைசின் என்ற பெயரைக் காணலாம். டாக்டர் எழுதித் தராமல் அவற்றை வாங்குவது பணத்துக்குக் கேடு. கைப்பிடிப் பருப்பு செய்யும் வேலையை அந்தக் கரண்டி மருந்து செய்யாது.

நியாய விலைக் கடையில் 2007 முதல் துவரம் பருப்பு மானிய விலையில் கிடைத்து வருகிறது. குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. நால்வர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் ஆகிறது. தேவையோ மாதம் நான்கு கிலோவுக்குக் குறையாது. எஞ்சிய மூன்று கிலோ எங்கிருந்து வருவது என்பதே நம் முன் உள்ள பிரச்சினை. இதற்கு விடை ஓரளவு சந்தையிலும், ஓரளவு வயலிலும், ஓரளவு வீட்டுக் கொல்லையிலும் இருக்கிறது. வயலைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் சாம்பார் வைக்கிறோம். பருப்பு போட்டாயிற்று என்று நினைக்கிறோம். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் கெட்டியாக ஊற்றியபின், கடைசியில் உண்ணும் தாய்க்குத் தெளிவான இரசமும் மோரும் மிஞ்சுகின்றன. பானையில் பருப்பு இருந்தும் அவள் இலையில் பருப்பு இல்லை. கருவுற்றவளுக்கும் பால் கொடுப்பவளுக்கும்தான் இது எல்லாரையும்விட அதிகமாகத் தேவை. வெந்த பருப்பில் ஒரு கரண்டியை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு புளி கரைத்து ஊற்றுங்கள். செலவு எதுவும் இல்லை.

லைசின் எவற்றில் உண்டு?

பயறு வகைகள் யாவற்றிலும் உண்டு. துவரை, உளுந்து, பச்சைப்பயறு, கடலைப் பருப்பு, மொச்சை, காராமணி, கொள்ளு ஆகியவற்றிடையே பெரிய வேற்றுமை இல்லை. விலை மலிந்ததை வாங்கலாம். குதிரைக்கு உரியது என்று கொள்ளை ஒதுக்குவோர் இன்னும் உளர். லைசின் கணக்கில் அது துவரைக்குச் சிறிதும் இளைத்ததன்று. சோயா மொச்சையில் எல்லாவற்றையும்விட அதிகம்.

நிலக்கடலையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அது நல்ல உணவே. புரதமும் எண்ணெயும் நிறைந்தது. ஆனால் அதன் புரதத்திலும் லைசின் விகிதம் அரிசியைப் போலவே குறைவு. ஆதலால் கடலை மிட்டாய் தின்கிறான், பருப்பு எதற்கு என்று இருந்துவிடக் கூடாது. கேழ்வரகின் நிலையும் அப்படியே. சுண்ணாம்புச் சத்தில் அதற்கு ஈடு கிடையாது; லைசினில் அது அரிசிக்கும் கீழே. இதை அறிந்தோ அறியாமலோ, ஆடி மாதத்தில் இவ்வட்டாரத்து அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் வார்க்கும்போது, அதனோடு கருவாட்டுக் குழம்பையும் முருங்கைக் கீரையையும் சேர்த்தே வழங்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. மீனின் புரதத்தில் லைசின் மிக அதிகம். கூழில் இல்லாததைக் கருவாடு கொண்டு வந்து சேர்க்கிறது. ஆடிக்கு மட்டும் உரியதாக இதை வைத்துக்கொள்ளாமல், மற்ற மாதங்களிலும் கூழோடு ஒரு பிடி நெத்திலிக் கருவாடோ, மொச்சைக் குழம்போ இருந்தால் நன்று.

பால், தயிர், மோர், முட்டை, மீன், இறைச்சி அனைத்திலும் லைசின் நிறைவு. ஒரு முட்டையில் 450 மில்லிகிராம் அளவு உண்டு. ஓர் ஆழாக்குப் பாலில் நானூறுக்கு மேல் உண்டு. ஐம்பது கிராம் மீனில் எண்ணூறு வரை வரும். கறவை வைத்திருப்பவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. கறந்த பால் முழுவதும் தேநீர்க் கடைக்கும் சங்கத்திற்கும் போய்விட, வீட்டுக் குழந்தை அதே தேநீர்க் கடையில் தண்ணீர்த் தேநீரும் பொறையும் வாங்கித் தின்னும் காட்சியை இப்பக்கங்களில் காண்கிறோம். பொறையும் பிஸ்கட்டும் கோதுமை மாவினால் ஆனவை. கோதுமையில் லைசின் முன்னமே குறைவு. மாவையும் சர்க்கரையையும் சேர்த்துப் பழுப்பு நிறம் ஏறச் சுடும்போது இருப்பதிலும் ஒரு பகுதி உடலுக்கு உதவாததாகி விடுகிறது. வீட்டுக் கறவையின் பாலில் ஓர் ஆழாக்கைக் குழந்தைக்கென்று நிறுத்தி வைத்தபின் மீதியை விற்கலாம்.

கோழிப் பண்ணையாளர்கள் இங்கு இருந்தால் ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கோழித் தீவனம் கலக்கும்போது அதில் லைசின் எத்தனை சதவீதம் என்று கணக்குப் பார்த்து, குறைந்தால் தனியே வாங்கிச் சேர்க்கிறார்கள். இல்லாவிடில் குஞ்சு எடை ஏறாது, நஷ்டம் வரும். குஞ்சுக்குப் பார்க்கும் கணக்கைக் குழந்தைக்குப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

பள்ளிக் கூடமும் குடிநீர்க் குழாயும்

பதினைந்து கிலோ எடையுள்ள நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்குச் சற்று மேல் லைசின் வேண்டும். அது உண்ணும் சோற்றில் முந்நூறு அளவே கிடைக்கிறது. எஞ்சிய இருநூறுக்கு அரை முட்டை போதும். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்திற்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, படிப்படியாகப் பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை என்ற நிலைக்கு வந்துள்ளது. கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் அதில் இடம் பெற்றுள்ளன. லைசின் கணக்கில் பார்த்தால், சோற்றைச் சோறாக மட்டும் விட்டுவிடாமல் வளர்ச்சிக்கு உரியதாக மாற்றியது இந்த முட்டையே.

இதில் நமக்கு ஒரே ஒரு கருத்து வேற்றுமை உண்டு. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு அதற்கு ஈடாக வாழைப்பழம் கொடுக்கிறார்கள். வாழைப்பழம் நல்ல பழம்; ஆனால் முட்டைக்கு ஈடாகாது. ஒரு பழத்தில் உள்ள புரதம் ஒரு கிராம் அளவே. அப்பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒரு தம்ளர் பாலோ கிடைக்கும்படி செய்தால் அதுவே சரியான ஈடு. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் உணவு வேளையில் பள்ளிக்குச் செல்லுங்கள். சாம்பார் வாளியின் அடியில் கரண்டியை விட்டுப் பாருங்கள். கரண்டி தண்ணீரை மட்டும் எடுத்து வந்தால் அதற்குரிய காரணத்தைக் கேளுங்கள். குற்றம் கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு அன்று. பருப்பு உரிய அளவில் வந்து சேர்ந்ததா என்று அறியும் நோக்கத்தோடு.

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். முன்னர்க் கூறிய அதே பெங்களூர்க் கல்லூரியில், நீண்ட நாள் அரைவயிறாக இருந்த ஆண்களை ஆராய்ந்தபோது, அவர்களுக்குக் கிலோவுக்கு 44 மில்லிகிராம் லைசின் தேவைப்பட்டது. நல்ல உடல் நிலையில் உள்ளவரின் தேவையைவிட இது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அவர்கள் குடலில் புழுக்களும் பிற ஒட்டுண்ணிகளும் இருந்தன. மருந்து கொடுத்து அவற்றை ஒழித்தபின் அளந்தபோது தேவை 35 ஆக இறங்கியது. இதன் பொருள் என்ன? ஏழை உண்ணும் கொஞ்சம் பருப்பிலும் ஒரு பங்கைப் புழு கவர்ந்துகொள்கிறது. கழிப்பிடம், சுத்தமான குடிநீர், சாக்கடை வடிகால், ஆண்டுக்கு இரு முறை பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரை ஆகிய இவையெல்லாம் சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத காரியங்கள் என்று நாம் இதுவரை எண்ணியிருந்தால், அவ்வெண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். குழாயடியில் தேங்கும் சேற்றைப் பஞ்சாயத்து அகற்றும்போது, அந்தத் தெருக் குழந்தைகளின் இலையில் ஒரு கரண்டிப் பருப்பைப் பரிமாறியதாகவே கொள்ளலாம்.

சானடோரியம் கற்பித்த பாடம்

தாம்பரத்தில் நின்றுகொண்டு உணவைப் பற்றிப் பேசும்போது சானடோரியத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ரயில் நிலையத்திற்கே அப்பெயர் அமைந்துவிட்டது. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய் விடுதி நடத்திய டாக்டர் சௌரிமுத்து, 1928-இல் இங்கே அதைத் தொடங்கினார். 1937-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. ஸ்டிரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வருவதற்கு முன்பு, காசநோய்க்கு உலகெங்கும் அளித்த சிகிச்சை நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை என்பதே.

மருந்துகள் வந்தபின் ஒரு கேள்வி எழுந்தது: நோயாளியை விடுதியில் வைத்து நல்ல உணவு கொடுத்தால்தான் குணமாகுமா? வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் ஆகாதா? 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி இதற்கு விடை தந்தது. விடுதியில் இருந்தோர் நன்றாக உண்டனர். வீட்டில் இருந்தோர் நெருக்கடியான குடிசைகளில் குறைந்த உணவோடு இருந்தனர். எனினும் ஓராண்டு மருந்துக்குப்பின் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றியது. ஏழைக்கு அது பெரிய வரம். ஆனால் அதிலிருந்து சிலர், காசநோய்க்கும் உணவுக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது சரியன்று.

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தில் வேறொரு கேள்வியை வைத்து ஆராய்ந்தார்கள். நோயாளியின் குடும்பத்தார்க்கு நல்ல உணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் தொற்றி வளர்வது குறையுமா என்பதே அக்கேள்வி. சுமார் பத்தாயிரம் குடும்ப அங்கத்தினர்களைப் பின்தொடர்ந்து பார்த்தனர். ஒரு சாராரில் பெரியவர்களுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும், ஒன்றரை கிலோ பருப்பும், வைட்டமின் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. 2023-இல் வெளியான முடிவின்படி, அவர்களிடையே காசநோய் 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் வகை ஏறத்தாழ பாதியாயிற்று. ஒன்றரை கிலோ பருப்பு என்றால் நாளொன்றுக்கு ஐம்பது கிராம். நாம் மேலே போட்ட கணக்கும் அதுவே என்பதைக் கவனியுங்கள். இப்பலன் லைசினால் மட்டும் விளைந்தது என்று நாம் வாதிக்கவில்லை. அரிசியும் மாத்திரையும் அதில் சேர்ந்திருந்தன. வயிறு நிறையாவிட்டால், உண்ட புரதமும் சூட்டுக்காக எரிந்துபோகும். ஆகவே அரிசியும் வேண்டும். ஆனால் அரிசி மட்டும் கொடுத்து அனுப்பவில்லை என்பதே இங்கு முக்கியம்.

காசநோயாளிகளுக்கு உணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். இத்தொகை நோயாளியின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. கணக்கு இல்லாதவர், ஆதார் இணைப்பில் சிக்கல் உள்ளவர், வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் வெளி மாநிலத் தொழிலாளர் ஆகியோர் இதைப் பெறாமல் விடுபடக்கூடும். புறநகர் ஊர்களில் அத்தகையோர் மிகுதி. வார்டு அங்கத்தினருக்கு அவர்களைத் தெரியும். தாலுகா அலுவலகத்திற்குத் தெரியாது. இதை நீங்கள் கவனித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி உதவலாம். நோயாளியின் பெயர் ஊரெங்கும் பரவாதபடி பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பே. பணம் கிடைத்தபின், அதில் பருப்பும் முட்டையும் வாங்க வேண்டும் என்றும், அவை நோயாளிக்கு மட்டுமல்லாமல் வீட்டில் உள்ள அனைவருக்கும் தேவை என்றும் எடுத்துச் சொல்லுங்கள்.

வயலும் வரப்பும்

விவசாயிகளுக்கு உரிய பகுதியைக் கடைசியாக வைத்தோம். ஏரிப் பாசனம் இருந்த நிலங்கள் பல மனைக் கற்கள் நட்ட இடங்களாகிவிட்டன என்பது கண்கூடு. அதைப் பற்றிப் புலம்புவதற்கு இது இடமன்று. அகரந்தென், மதுரப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் பக்கங்களில் நெல் விளையும் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். சம்பா அறுவடையானபின் நவரைக்குத் தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் நிலத்தைத் தரிசாகப் போடாதீர்கள். தஞ்சைப் பக்கத்து விவசாயிகள் செய்வதுபோல, அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் ஈரமாக இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்கு ஊடே உளுந்தையோ பச்சைப்பயற்றையோ விதைத்து விடலாம். ஏக்கருக்குப் பத்து முதல் பன்னிரண்டு கிலோ விதை போதும். உழவு வேண்டாம், தனிப் பாசனம் வேண்டாம், பின்பனியே போதும். விதையோடு ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் உரத்தைக் கலப்பது நல்லது. பூக்கும் சமயத்தில் ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து மறுமுறையும், டி.ஏ.பி. உரத்தை நூறு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ வீதம் கரைத்துத் தெளியுங்கள். உரத்தை முதல் நாள் இரவே ஊற வைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். இல்லாவிடில் தெளிப்பானின் வாய் அடைத்துக்கொள்ளும். எழுபது நாட்களுக்குள் பயறு வீடு வந்து சேரும். மண்ணுக்கும் தழைச்சத்து மிஞ்சும்.

நிலம் குறைந்தவர்கள் நெல் வயல் வரப்பில் ஓர் அடிக்கு ஒரு குழியாக உளுந்தோ காராமணியோ ஊன்றலாம். நெற்பயிருக்குத் தீங்கு செய்யும் பூச்சிகளைத் தின்னும் பூச்சிகள் அதில் தங்கும் என்பது கூடுதலான ஆதாயம். மனை மட்டுமே உடையவர்களுக்குத் துவரைச் செடி இருக்கிறது. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எஸ்.ஆர். 1 என்னும் இரகம் ஓராண்டோடு பட்டுப்போகாமல் நின்று காய்க்கும். கொல்லையில் நான்கு செடி இருந்தால் பச்சைக் காயாகவே பறித்துக் குழம்பில் போடலாம். வேலியில் அவரை, மூலையில் முருங்கை என்பதை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏரி மீன் குத்தகை விடும் ஊர்களில், பிடித்த மீனில் ஒரு பங்கை முதலில் ஊர் மக்களுக்கு விற்க வேண்டும் என்று குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்க முடியுமா என்று யோசியுங்கள். கழிவு நீர் கலக்கும் ஏரியாக இருந்தால் இந்த யோசனை உதவாது. முதலில் கழிவு நீரைத் தடுக்க வேண்டும்.

விதை உளுந்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கிடைக்கும். பொங்கலுக்குப் பின் கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார்கள். மார்கழியிலேயே சொல்லி வையுங்கள். விளைந்த பயற்றை நன்றாகக் காய வைத்து, வீட்டுத் தேவைக்கு உரியதை உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் வண்டு எளிதில் விழாது. முழுப் பயறாக வைப்பதாயின் சிறிது விளக்கெண்ணெய் தடவி, காற்றுப் புகாத டின்னில் மூடி வையுங்கள். விற்கப் போகும் மூட்டையைக் கட்டுவதற்கு முன், வீட்டுக்கு வேண்டிய நாற்பது ஐம்பது கிலோவை அளந்து தனியே வைத்துவிட்டு, பிறகு வியாபாரியை அழையுங்கள்.